மாடு செத்த இடம்

1

இந்தக் கதை ஒரு கக்கூஸில் பிறந்தது. நாகரிகமாகக் ‘கழிப்பறை’ என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். விஜயா அப்படிச் சொல்லவில்லை.

மசினகுடியில் ஜீப் பிடித்துப் போகவேண்டிய ஓர் ஊர். புலிகள் காப்பகத்தின் எல்லைக்கல்லை ஒட்டி இருக்கிறது. (ஊரின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்கள் நான் வைத்தவை.) வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் புலித் தொடர் எழுதுவதற்காகப் போயிருந்தேன். ஆசிரியர் கேட்டது ரொம்ப எளிது: முதல் அத்தியாயத்தில் ரத்தம், அப்புறம் வாரத்துக்கு ஓர் உறுமல்.

போன இடத்தில், தன் வீட்டுப் பின்கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெண் என்னிடம் கேட்டாள்:

“புலிக்கு என்னா சார், அது தின்னுட்டுப் போயிரும். நான் கக்கூசுக்கு எப்படிப் போறது?”

வீட்டுக்கும் கக்கூசுக்கும் நடுவே ஒரு மாடு செத்துக் கிடந்தது. பின்தொடை ஒன்று இல்லை.

தொடர் அந்த இடத்திலேயே முடிந்தது. இது மிச்சம்.

2

தொடக்கம் ஒன்று: ‘காடு மூச்சை அடக்கியது. புதருக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் மெல்ல—’

வேண்டாம். மாடு குட்டையில் தண்ணீர் குடிக்கும்போது, நல்ல வெயிலில் புலி அடித்தது. அங்கே புதரும் இல்லை, யாரும் மூச்சை அடக்கவும் இல்லை.

தொடக்கம் இரண்டு: ‘மயில்சாமிக்கு மாடுகள்தான் உயிர். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி—’

சுத்தப் பொய். விஜயாவின் புருஷன் மயில்சாமியின் மாடுகளுக்குப் பெயரே கிடையாது. பாலுக்கு வளர்த்தால்தானே பெயர் வைக்க? இவை சாணிக்கு. காலையில் காட்டுக்குள் விரட்டிவிடுவார். சாயங்காலம் பட்டியில் அடைப்பார். பட்டியில் குவியும் சாணியை லாரி வந்து வயநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு அள்ளிப்போகும். மான் தின்ன வேண்டிய புல், மாட்டின் வயிற்றுக்குள் புகுந்து, மாநிலம் தாண்டிப்போய் உரமாகிறது.

அதனால்தான் காப்பகத்துக்குள் மேய்ச்சல் கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவு சரி என்பதே என் கட்சி. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ‘மாட்டுக்காரன் பக்கம் பேசுகிறான்’ என்று கடிதம் போடாதீர்கள். விஜயாவும் அதே கட்சிதான். கூடலூர்ப் பக்கம் எஸ்டேட் லைனில் பிறந்தவள். மாடுகளை விற்றுத் தள்ளிவிட்டு, மேய்ச்சலை விடுகிறவர்களுக்கு வனத்துறை தருவதாகச் சொன்ன உதவியில் ஒரு டீக்கடை போட்டுவிடலாம் என்று புருஷனை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

(அதே எல்லைக்கல்லை ஒட்டி ஒரு ரிசார்ட் இருக்கிறது. அதன் நீச்சல் குளத்துக்கு எந்த உத்தரவும் வரவில்லை. இதை அடைப்புக்குறிக்குள் போடுவதுதான் மரியாதை.)

3

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மாடு செத்தது எல்லைக்கல்லுக்கு உள்ளே. உள்ளே செத்தால் கேஸ், பட்டியையே காலி செய்யச் சொல்வார்கள். வெளியே செத்தால் நஷ்டஈடு. ஆகவே மயில்சாமி, அந்த ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். மலையாளத்துப் பையன் ஷிஜோவைக் கூப்பிட்டார். டூரிஸ்டுகளுக்குப் புலி காட்டக் கூட்டிப்போகும் ஜீப் அவனுடையது. அதன் பின்னால் மாட்டைக் கயிறு போட்டுக் கட்டி இழுத்துவந்து, வீட்டுக்குப் பின்னால் போட்டார்கள்.

எல்லோரும் செய்வது என்பதற்காக அது சரியாகிவிடாது. புலி ஒரே மூச்சில் ஒரு மாட்டைத் தின்று தீர்ப்பதில்லை. மிச்சத்துக்குத் திரும்பி வரும். வந்தது. குட்டையில் மாட்டைக் காணோம், தரையில் இழுத்த தடம் இருந்தது. தடத்தோடு நடந்து, வெளிச்சம் இருக்கும்போதே விஜயாவின் பின்வாசலுக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து தின்றது.

மறுநாள் நான் போனபோது சண்டை நடந்துகொண்டிருந்தது.

“பொதைச்சுருவோம்,” என்றாள் விஜயா.

“ஏம்புள்ள, மாட்டு டாக்டரு வந்து பாக்காம பொதைச்சுப்போட்டா அப்பறம் எதைக் காட்டறது? வாலையா?”

“அப்ப நீங்க போய் அதுக்குப் பக்கத்துல குந்துங்க. நான் செம்பைத் தூக்கிட்டு வாரேன்.”

ஷிஜோ ஜீப்பின் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டே சிரித்தான். “சேச்சி, ரிசார்ட்ல ரெண்டு ஃபேமிலி கேக்குது. சாயங்காலம் உங்க ஜன்னல்கிட்ட நின்னு பாக்கலாமோன்னு. சஃபாரி போனாலும் இத்தர கிட்டத்துல கிட்டாது.”

“நான் கக்கூஸ் போற நேரத்துக்கு வரச்சொல்லு. அதையும் போட்டோ எடுத்துக்கட்டும்.”

மயில்சாமி என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க சார், இதையெல்லாமுங்களா எழுதுவீங்க?”

அப்போது ‘இல்லை’ என்றேன்.

4

கதைக்கு வில்லன் வேண்டும். வன அதிகாரியை நியமித்தேன். முறுக்கு மீசை கொடுத்தேன், கறுப்புக் கண்ணாடி மாட்டினேன்.

வந்தவர் இருமினார். யானை விரட்டிவிட்டு நேராக வருகிறாராம், முழங்கால்வரை சேறு. கூடவே மாட்டு டாக்டர். அவர்களுக்கு முன்னாலேயே ஊர்க்காரர்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள்: ஊருக்குள் வந்த புலியைப் பிடி, கூண்டு வை. கொடுத்த மீசையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

விஜயா அவர் முன்னால் போய் நின்றாள்.

“சார், மாடு இங்க சாகல. உள்ள, குட்டைகிட்ட செத்துச்சு. நாங்கதான் இழுத்தாந்தோம். புலி ஊருக்குள்ள வரல சார், அதோட சோத்துக்குப் பின்னால வந்துச்சு. தூக்கிட்டுப் போய் அங்கயே போட்டுருங்க. அது போயிரும்.”

மயில்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

[இங்கே அவள் ஏன் உண்மையைச் சொன்னாள் என்று ஒரு பத்தி எழுதினேன். ‘காட்டின் மீது அவளுக்கிருந்த’ என்று தொடங்கியது. கிழித்துவிட்டேன். அவளுக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லை. அவ்வளவுதான் காரணம்.]

அதிகாரி தடத்தைப் பார்த்தார். ஜீப் சக்கரமும் இழுத்த கோடும் எல்லைக்கல்வரை தெளிவாகப் போயின.

“நீங்க சொன்னது எனக்குக் கேக்கலைங்கம்மா.”

“சத்தமா சொல்லவா சார்?”

“வேண்டாம்மா.” குரலைத் தாழ்த்தினார். “நம்ம ரேஞ்சுல மேய்ச்சல் நின்னு ரெண்டு வருஷமாச்சுன்னு மேல எழுதிக் குடுத்திருக்கேன். நின்னுபோன மேய்ச்சல்ல மாடு எப்படிம்மா சாகும்?”

“அப்ப மேய்ச்சலை விடுறவங்களுக்கு உதவின்னீங்களே? நாங்க விட்டுர்றோம் சார். இன்னைக்கே விட்டுர்றோம்.”

“இங்கதான் யாருமே மேய்க்கலையே. விட்டவங்கன்னு நான் யாரைக் காட்டறது?”

கேலி இல்லை, சத்தியமாக. களைத்த மனிதர். இருமிக்கொண்டேதான் சொன்னார். மேய்ச்சலை நிறுத்தச் சொன்ன உத்தரவு, நிறுத்தாமலே நிறைவேறிவிட்டது. நிறுத்துகிறேன் என்று முன்வந்த ஒரே ஆளை ஏற்றுக்கொள்ள வழியில்லை.

மாடு வீட்டுக்குப் பின்னால் செத்தது என்று முடிவாயிற்று. மயில்சாமி எழுந்து அவருக்குக் கும்பிடு போட்டார். ரோட்டில் உட்கார்ந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அது ‘வீடு புகும் புலி’.

கூண்டு வந்தது. செத்த மாட்டின் முன்னங்காலை உள்ளே கட்டினார்கள். கூண்டை எங்கே வைப்பது? புலி வந்துபோகிற இடத்தில்தானே. வீட்டுக்கும் கக்கூசுக்கும் நடுவில்.

“பிடிபடறவரைக்கும் பின்கதவைத் திறக்காதீங்க,” என்றார் அதிகாரி.

ஷிஜோ ஜீப்பை எடுத்தான். விஜயாவை ரிசார்ட் வாசலில் கொண்டுபோய் விட்டான். காவலாளி நல்லவர்தான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திருப்பி அனுப்பினார். அங்கே கக்கூஸ் கெஸ்டுக்கு மட்டுமாம்.

5

முடிவுகள்.

(அ) ஆசிரியருக்குப் பிடித்தது: மாலை மங்குகிறது. விஜயா செம்பை எடுக்கிறாள். தாழ்ப்பாளை நீக்குகிறாள். பின்னால் ஓர்—
எழுதமாட்டேன். அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தவள்.

(ஆ) மயில்சாமி மிச்ச மாட்டில் மருந்து தூவுகிறார். புலி சாகிறது. அதைத் தொட்ட கழுகும் சாகிறது. எந்த மருந்து என்று எழுதினால் இது கதையாக இருக்காது, செய்முறையாகிவிடும்.

(இ) நான் உண்மையை அச்சில் போடுகிறேன். புலி தப்பிக்கிறது. மயில்சாமியின் பட்டி போகிறது. டீக்கடையும் வராது. அடுத்த மாட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி, ஊருக்கு நடுவில் இழுத்துப் போடுவார்கள்.

மூன்றையும் விஜயாவிடம் போனில் படித்தேன். கடைசிவரை கேட்டாள்.

“என்னா சார் முடிவு இதெல்லாம்? புலி மாட்டினாத்தான் கூண்டை எடுப்பாங்க. சீக்கிரம் மாட்டட்டும்னு வெளக்கு வச்சிருக்கேன்.” தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. “அது மேல தப்பில்லன்னு நான்தான் சார் சொன்னேன்.”

போனை வைத்துவிட்டாள்.

நான் இந்த இடத்தில் நிறுத்துகிறேன். கூண்டுக் கதவு தூக்கி நிற்கிறது. புலி இன்னும் வரவில்லை. அடுத்த வரி உங்களுடையது. நிதானமாக யோசிக்கலாம், நியாயம் பார்க்கலாம் என்றெல்லாம் நினைக்காதீர்கள். பின்கதவுக்கு உள்ளே ஒருத்தி நிற்கிறாள். அவளுக்கு அவசரம்.