சுத்தமென்று வைத்த ரத்தம்

அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கிற பட்டறையை மூடச் சொல்லி ஒரு தெருவே தொண்டை கிழியக் கத்தியது. அந்தத் தெருக்காரர்களின் ரத்தத்தை வாங்கிச் சோதித்து, ஒன்றுமில்லை என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்தது. பட்டறை ஜாம் ஜாமென்று ஓடிக்கொண்டிருந்தது.

சோதித்தவள் சாயக்காரி. எந்நேரமும் விரலில் கறையோடு திரிந்ததால் ஆய்வகத்தில் வந்த பெயர். ரத்தத்தின் செல்களை உயிரோடு தட்டில் வைத்து ஒரு சொட்டுச் சாயம் விடுவாள். சாயம் செல்லுக்குள் போய், அங்கே ஈயம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பச்சையாக ஒளிரும். எந்த செல்லும் கொஞ்சம் மினுங்கத்தான் செய்யும். அதனால் முதலில் சுத்தமான ஒருவரின் ரத்தத்தை வைத்து, அது கறுப்பாகத் தெரியும்வரை கேமராவின் வெளிச்ச அளவைக் குறைத்துவிட்டு, அதே அளவில்தான் மற்றவர்களுடையதைப் பார்ப்பார்கள்.

அந்தச் சுத்த ரத்தம் இரண்டு வருஷமாக அவளுடையது. "வெளியில எதுக்கு ஆள் தேடணும்? நீதான் குத்துக்கல்லு மாதிரி இருக்கியே" என்றார் ஆய்வகத் தலைவர். அவளும் கையை நீட்டினாள்.

தெருவின் பட்டியலில் அவளுடைய அக்காவின் ஐந்து வயது மகனும் இருந்தான். ஓயாத வயிற்று வலி, எப்போது பார்த்தாலும் சோர்வு. "கறுப்பாத்தான் இருக்குக்கா, பயப்படாத" என்று போனில் சொன்னவளும் இவளேதான்.

மூன்று மாதம் கழித்து மைக்ராஸ்கோப் மக்கர் பண்ணியது. சரிசெய்ய வெளியூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் உங்க ரத்தம் குடுங்கண்ணே. என் கை சல்லடையாயிடுச்சு."

"ரிப்பேர் பண்ண வந்தவன் ரத்தத்தையும் உறிஞ்சுறீங்களேம்மா!" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அவருடையதைக் கறுப்பாக்கி அளவு வைத்தாள். சரி பார்க்க, முந்தின நாள் எடுத்து மிச்சமிருந்த தன்னுடையதையும் வைத்தாள். திரை முழுக்கப் பச்சை! சாயத்தில் கோளாறு என்று நினைத்து மூன்று முறை புதிதாகக் கலந்து பார்த்தாள். மூன்று முறையும் அதே பச்சை.

ஆகாதா பின்னே? அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவளும் குடியிருந்தாள். அதே குழாய்த் தண்ணீர், அதே புகை. சுத்தமானவள் எங்கே குடியிருக்கிறாள் என்று ஒரு மகராசனும் கேட்கவில்லை. அவளுக்கும் உறைக்கவில்லை. அவள் ஒளிர்ந்த அளவைத்தான் இருட்டு என்று வைத்து, தெருவையே இருட்டாக்கியிருந்தார்கள்.

மெக்கானிக்கின் கறுப்பு, தன்னுடைய பச்சை, இரண்டு படங்களையும் தலைவரின் மேஜையில் போட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி விடு. நாளையிலருந்து வெளியூர் ஆளோடத வை. பழசக் கிளறினா நம்ம மானம் கப்பலேறிடும்."

"மானமா சார்? என் ரத்தத்த வெச்சே என் அக்கா பையனுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கோம்!"

"அளவு வெச்சது நீ. கையெழுத்தும் உன்னுது. ஞாபகம் வெச்சுக்க."

"என்னுதுதான். அதனாலதான் நானே மாத்தி எழுதறேன்."

அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் அதிகம். பழைய அறிக்கை தவறு என்று நாலு வரி எழுதி, இரண்டு படங்களையும் சேர்த்துச் சுகாதார அலுவலகத்துக்கும், புகார் கொடுத்த தெருக்காரர்களுக்கும் அவர் கண்ணெதிரிலேயே அனுப்பினாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள்.

"நீதானடி பார்த்துட்டு ஒண்ணுமில்லன்ன?"

"தப்பாப் பார்த்துட்டேன்கா. அவன இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. நானும் வரேன், எனக்கும் பாக்கணும்."

"மூணு மாசமா அடிச்சுட்டிருக்கேன்டி. நீ ஒண்ணுமில்லன்னு சொன்னதும், ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கறான்னு நெனச்சேன்."