முட்டி டாக்டரின் நாற்காலி வகுப்பு

தெருவே அவளை முட்டி டாக்டர் என்றுதான் அழைத்தது. சான்றிதழில் இருப்பது இயன்முறை மருத்துவர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வலியே போய்விடும் என்று நோயாளிகள் சுருக்கிவிட்டார்கள்.

வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு வருவதைப் பார்த்து அலுத்துப்போய், நான்கு வருடத்துக்கு முன் கிளினிக்கின் பின்னறையில் வகுப்பு ஒன்றைத் தொடங்கினாள். நாற்காலியில் உட்கார வேண்டும், எழ வேண்டும், குதிகாலைத் தூக்கிப் பத்து எண்ண வேண்டும். அவ்வளவுதான். தெருவில் விழுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

செய்தி நகராட்சி சுகாதார அதிகாரியின் காதுக்குப் போனது. வேகமான மனிதர். ஒரே மாதத்தில் பேருந்து நிறுவன மேலாளரையும் டயர் தொழிற்சாலைக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டார்.

"பஸ்காரங்க ஆளைக் கூட்டிட்டு வரட்டும். கம்பெனி கேன்டீன் ஹாலைக் கொடுக்கட்டும். பாடத்தை நீங்க எழுதிக் கொடுங்க. பத்து இடத்துல ஆரம்பிச்சிடலாம்."

பதாகையில் யாருடைய சின்னம் இடப்பக்கம் வருவது என்பதற்கே முதல் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் ஓடியது. அவள் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து கையேடு எழுத உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டுப் பக்கம், அம்புக்குறி போட்ட படங்களோடு.

"குதிகாலுக்கு மட்டும் ஏழு பக்கமா? குதிகாலே இதைப் படிச்சுட்டு ராஜினாமா பண்ணிடும்" என்றான் கணவன்.

"உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு விரல்கடை தப்பினாலும் போச்சு."

மூன்றாவது மாதம் அறிக்கை வந்தது. ஒன்பது இடங்களில் கூட்டம் கரைந்து, நாற்காலிகள்தான் தவறாமல் வந்துகொண்டிருந்தன. பத்தாவது, டயர் தொழிற்சாலை கேன்டீன். அங்கே வகுப்பெடுக்கப் பயிற்சி பெற்ற பெண் பிரசவ விடுப்பில் போய்விட, சமையல்கார அக்கா வகுப்பைத் தன் கையில் எடுத்திருந்தாள். வருகை முப்பத்தாறுக்கு முப்பத்தாறு.

"கதை விடுறாங்க" என்று சொல்லிக்கொண்டே முட்டி டாக்டர் புதன்கிழமை மதியம் நேரில் போனாள்.

அறிக்கை பொய்யில்லை. ஹால் நிறைய ஆட்கள். அக்கா கரண்டியால் மேசையைத் தட்டி எண்ணினாள். ஏழை விட்டுவிட்டு எட்டுக்குத் தாவினாள். குதிகாலைத் தூக்கச் சொன்னால் பாதிப் பேர் முழங்காலைத் தூக்கினார்கள். முட்டி டாக்டர் தப்புகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

திடீரென்று அக்கா கரண்டியை நிறுத்தினாள். "தபால்காரர் எங்கே? அவரோட ஜோடி யாரு?"

ஓய்வுபெற்ற முடிதிருத்துபவர் ஒருவர் எழுந்து, ஒலிபெருக்கியில் போட்டு போன் அடித்தார். ஹாலே காதைத் தீட்டிக்கொண்டது. "யோவ், நாங்க இங்கே ஒத்தைக்கால்ல நிக்கிறோம், நீ என்னய்யா பண்றே?"

"புது செருப்பு கடிக்குது."

"பழசைப் போட்டுட்டு வாய்யா!"

வெளியே நின்ற பேருந்து ஓட்டுநர், "அந்த வழியாத்தான் வண்டி திருப்பணும், ஏத்திட்டு வரேன்" என்று கிளம்பினார். கால் மணி நேரத்தில் தபால்காரர் கைதட்டலுக்கு நடுவே, கல்யாண மாப்பிள்ளை போல வந்து இறங்கினார்.

வகுப்பு முடிந்ததும் முட்டி டாக்டர் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "அக்கா, குதிகால் அத்தனையும் தப்பு, தெரியுமா?"

"தெரியும் டாக்டரம்மா. வந்த குதிகாலைத் திருத்திக்கலாம். வராத குதிகாலை எப்படித் திருத்துவீங்க?"

"இந்த ஜோடி, போன் எல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தது?"

அக்கா சிரித்துவிட்டாள். "நீங்கதான்! என் மாமியார் உங்க கிளினிக்குக்கு வந்தாங்களே. ஒரு நாள் வரலைன்னா, 'என்ன மகாராணி, பல்லக்கு அனுப்பணுமா?'ன்னு போன்ல கேப்பீங்களாம். அந்தத் திட்டை வாங்கறதுக்குன்னே ரெண்டு தடவை மட்டம் போட்டாங்க. நீங்க ஒரே ஆளு, எல்லாரையும் திட்டுனீங்க. எனக்கு அடுப்பு வேலை இருக்கு, அதான் ஜோடி பிரிச்சு விட்டுட்டேன்."

பேருந்தில் திரும்பும்போது கையேட்டை முதலிலிருந்து புரட்டினாள். நாற்பத்தெட்டுப் பக்கத்தில் அந்த போனைப் பற்றி ஒரு வரி இல்லை. தன் கைவண்ணம் என்று நினைத்தது குதிகாலை. ஊர் வந்தது தன் வாய்க்காக. வெட்கமாகவும் இருந்தது, உள்ளூரக் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து அதை அப்படியே ஒப்புக்கொண்டாள். வராதவர்களை ஏற்றி வர மேலாளர் ஓட்டுநர்களுக்குக் கால் மணி நேரம் சலுகை கொடுத்தார். அதிகாரி உடனே, "திட்டுறதுக்கு ஒரு படிவம் போட்டுடலாமா?" என்றார். மற்ற எல்லாரும் சேர்ந்து அவரை அடக்கினார்கள். சின்னங்களை மறந்து அவர்கள் ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அது.

அந்த ஒன்பதில் ஏழு வகுப்புகள் எழுந்துகொண்டன. இரண்டு எழவே இல்லை; மூடிவிட்டார்கள். பிறகு புதிதாகப் பதினெட்டு இடங்கள் சேர்ந்தன. புதிய பயிற்றுநர்களுக்கு காலை முழுக்க குதிகால், மதியம் அக்காவின் பாடம். முதல் நாளே கூச்ச சுபாவப் பெண் ஒருத்திக்குத் திட்ட வரவில்லை. அக்கா சுற்றுமுற்றும் பார்த்து, ஓரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதிகாரியை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"சாரைத் திட்டிப் பழகு."

அன்று அவர் மூன்று முறை திட்டு வாங்கினார். மூன்றாவது நன்றாக இருந்தது என்று அவரே சொன்னார்.