நாலு மணிக்கு நேரலை

காலை ஐந்தரைக்கு ஒரு பெண் அந்த மேசையில் கையை ஊன்றி, முதுகை வளைத்து, உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். ஏழு மணிக்கு அதே மேசையில் பச்சைத் துணி விரித்து, பூச்சி அரித்த இலைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒருவர் விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ஒன்பதுக்குத் துணியை உருவிவிட்டு அடுப்பை ஏற்றினார்கள், சமையல். பதினொன்றுக்கு மூன்று பேர் மேசைக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டு மேலே பொம்மைகளை ஆட்டினார்கள். வீட்டில் பார்க்கிறவனுக்கு அது நாலு இடம். தூக்குகிறவனுக்கு ஒரே மேசை, ஒரே கனம்.

அரசாங்கத் தொலைக்காட்சி நிலையத்தில் இருந்ததே அந்த ஒரு ஸ்டூடியோதான். நிலையம் தொடங்கிய நாளில் மட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை, விடிந்ததிலிருந்து இரவு வரை எல்லாமே நேரலை. இன்று அந்த நாள். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்க நாலு நிமிஷம் இருக்கும். அதற்குள் மேசையைத் தூக்கி, திருப்பி, தரையில் ஒட்டிய டேப் அடையாளத்தில் கால் பதிய வைத்தாக வேண்டும். ஒரு முனையில் வாத்தியார், மறு முனையில் பம்பரம்.

வாத்தியார் பாடம் நடத்துகிறவர் இல்லை. அவரும் சுமை தூக்குகிறவர்தான். நாற்பத்தாறு வயதில், வேலை முடிந்த சாயங்காலங்களில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து இரண்டு வருஷம் எழுத்துப் படித்தார். அதிலிருந்து எல்லோரும் வைத்த பட்டப்பெயர் அது. கேலிக்கு வைத்தது, மரியாதையாக ஒட்டிக்கொண்டது. எந்த நிகழ்ச்சிக்கு என்ன சாமான் என்று எழுதிய பட்டியலைப் படித்து டிக் அடிப்பது அவர் பொறுப்பு. அந்தப் பேனா சட்டைப்பையில் இருக்கும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும்.

பம்பரத்துக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆள் குட்டை, கால் தரையில் நிற்காது, வாயும் நிற்காது. டேப்பின் நிறத்தைப் பார்த்தே மேசை வைப்பான்.

வினை போன வாரம் தொடங்கியது. சாயங்காலம் நாலு மணிக்கு முதியோருக்கு எழுத்துச் சொல்லித் தரும் நிகழ்ச்சி ஒன்று புதிதாக வருகிறது என்றும், அதில் மாணவராக உட்கார, "வெளியில ஏன் தேடணும்? உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் உக்காருங்க" என்றும் தயாரிப்பாளர் அம்மா சொன்னார். வாத்தியாருக்கு அதில் என்ன சந்தேகம்? எழுத்துப் பாடம் என்றால் எழுத்துக்காகக் கஷ்டப்பட்டவன்தானே உட்கார வேண்டும்? நேரே வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். மனைவி தங்கையிடம் சொன்னாள். தங்கை புருஷன், அதாவது சகலை, ஒரு ஆபீஸில் குமாஸ்தா. எந்த விசேஷத்திலும், "அண்ணே, இன்னிக்கு எத்தனை நாற்காலி தூக்குனீங்க?" என்று கேட்காமல் சாப்பிட உட்காராத ஆள். அந்தச் சகலையே குடும்பத்தோடு வந்து, வாத்தியார் வீட்டிலேயே உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு.

நேற்று அந்த அம்மா இருவரையும் கூப்பிட்டார். "எழுத்தே தெரியாதவங்கதான் வேணும். முதல் எழுத்தை முதல்முதலா எழுதறதை ஜனங்க பாக்கணும்" என்று பம்பரத்தைப் பார்த்தார்.

வாத்தியார் முந்திக்கொண்டார். "எனக்கும் ஒண்ணும் பெரிசா தெரியாதும்மா. ஏதோ தட்டுத் தடுமாறி..."

"என்னங்க இது! இத்தனை லிஸ்டையும் நீங்கதானே படிக்கிறீங்க? ரொம்பத்தான் தன்னடக்கம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் அவர்.

இரண்டு வருஷம் முட்டி தேயப் படித்ததை ஒரு நொடியில் தெரியாது என்று தானே சொன்னதுதான் வாத்தியாரை அதிகம் சுட்டது. படிக்காதவனுக்கு நாற்காலி, படித்தவனுக்கு அந்த நாற்காலியைத் தூக்குகிற வேலை. வீட்டில் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

மத்தியானம் பாட்டுக் கச்சேரிக்கு மேசையே வேண்டாம் என்று ஓரம் கட்டினார்கள். அந்த இடைவெளியில் பம்பரத்தைக் கூட்டிக்கொண்டு போய் முகத்துக்குப் பவுடர் அடித்து, தலை வாரி அனுப்பினார்கள்.

"வாத்தியாரே, எப்படி இருக்கேன்? மாப்பிள்ளை மாதிரி இல்ல?"

"சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கே."

"பொறாமையப் பாரு! என் பொண்டாட்டி காலையிலேயே டிவிக்கு முன்னாடி பாய் போட்டுட்டாளாம். ஏன் வாத்தியாரே, பயமா இருக்கு. கை நடுங்குது. 'அ'வை எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"

"டீச்சர் சொல்லித் தருவாங்க, போ."

மூன்று ஐம்பத்தாறு. மேசை நீல டேப்பில் உட்கார்ந்தது. பின்னால் கரும்பலகை. மேசைமேல் டீச்சருக்கு ஒரு டம்ளர் தண்ணீர். வாத்தியார் பட்டியலைப் படித்தார். பலகை, டிக். துடைப்பான், டிக். சாக்பீஸ். அங்கே பேனா ஒரு கணம் நின்றது. பிறகு டிக் அடித்தார். தட்டில் இருந்த சாக்பீஸை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெறும் துடைப்பான் இருந்த தட்டைப் பம்பரத்தின் கையில் கொடுத்தார். "நீ போறப்போ கொண்டுபோய் வெச்சுரு."

கணக்கு சுலபம். எழுதச் சொல்லும்போது சாக்பீஸ் இருக்காது. டீச்சர் தேடுவார். நேரலை, நிறுத்த முடியாது. ஓரத்தில் நிற்கிற ஆள் யாரோ அவன்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எட்டு அடி தூரம். நடந்து போய், "இந்தாங்க டீச்சர்" என்று கொடுத்துவிட்டுத் திரும்பினால் நாடே பார்க்கும். சகலையும் பார்ப்பான். அது போதும். இதற்காகவே காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

நிகழ்ச்சி தொடங்கியது. பம்பரத்துக்குப் பேச்சு வரவில்லை. டீச்சர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். "வாங்க, முதல் எழுத்து எழுதுவோம்" என்று அவர் தட்டுக்குக் கையை நீட்டினார். தட்டில் ஒன்றுமில்லை. துடைப்பானைத் தூக்கிப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பம்பரத்தின் நெற்றியில் பவுடரை அறுத்துக்கொண்டு வேர்வை இறங்கியது.

இப்போது! வாத்தியார் சாக்பீஸை எடுத்துக்கொண்டு இரண்டு அடி வைத்தார். அதற்குள், கேமரா ஓரத்தில் நின்று எல்லோருக்கும் சைகை காட்டுகிற ஃப்ளோர் மேனேஜர், திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டி, "நில்" என்றார். ஏனென்றால் பம்பரம் எழுந்துவிட்டான். டீச்சரின் டம்ளரில் விரலை முக்கி எடுத்து, "இது போதாதா டீச்சர்?" என்றான். டீச்சர் அவன் கையைப் பிடித்து ஒரு தடவை இழுத்துக் காட்டினார். பிறகு அவனே எழுதினான். கரும்பலகையில் ஈரத்தில் 'அ' பளபளத்தது. தலைக்குமேல் எரிகிற விளக்குச் சூட்டில் வாலை இழுத்து முடிப்பதற்குள் தலை காய்ந்துபோயிற்று. மறுபடி முக்கினான், மறுபடி எழுதினான். அதுவும் காய்ந்தது.

"டீச்சர், இந்த விளக்கு அழிச்சுக்கிட்டே இருக்கு. அது அழிக்கட்டும், நான் எழுதுறேன். யாரு ஜெயிக்கறாங்கன்னு பாப்போம்!"

ஐந்தாவது 'அ'வுக்கு டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. கேமராக்காரர் சத்தமில்லாமல் சிரித்தார். வாத்தியார் நீட்டிய கையோடு நின்றார்.  வெந்நீரை ஊற்றிச் செடியைக் கொல்லப் பார்த்தால் அது காய்த்துத் தொங்குகிறதே!

முடிந்ததும் தயாரிப்பாளர் அம்மா ஓடி வந்தார். ஜனங்கள் போன்மேல் போன் போடுகிறார்களாம். எட்டு மணிக்கு மறு ஒளிபரப்பு, பன்னிரண்டு வாரமும் பம்பரம்தான். அவர் போனதும் ஃப்ளோர் மேனேஜர் பட்டியலைத் தூக்கிப் பிடித்தார்.

"சாக்பீஸ்னு டிக் இருக்கு. சாக்பீஸ் எங்கய்யா?"

"வெச்சேன் சார்," என்றார் வாத்தியார். நாக்கு அத்தோடு நிற்கவில்லை. "தட்டை பம்பரம்தான் தூக்கிட்டுப் போனான்."

பம்பரம் தலையைச் சொறிந்தான். "அப்போ நான்தான் எங்கேயாவது விட்டிருப்பேன் சார். கைதான் அந்த நடுக்கம் நடுங்குச்சே."

"எழுதப் படிக்கத் தெரியலேன்னாலும் ஒரு தட்டைத் தூக்கக்கூடவா தெரியாது? டிவியில வந்துட்டா தலைகால் புரியாம ஆடக்கூடாது, ஆமா!" என்று நாலு பேர் முன்னால் ஏசிவிட்டுப் போனார்.

வாத்தியாரின் போன் அடித்தது. மனைவி.

"பாத்தோம், பாத்தோம்! ஓரத்துல நின்னீங்களே!"

"என்னையா? நான்தான் உள்ளேயே வரலையே."

"பாதி உடம்பு தெரிஞ்சுது. அந்த நீலச் சட்டை எனக்குத் தெரியாதா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, அந்த ஆளு தண்ணியைத் தொட்டுத் தொட்டு எழுதறாரு. உங்க கையில சாக்பீஸ் இருக்கு. நீட்டிக்கிட்டே நிக்கிறீங்க. ஏன் குடுக்கல? தங்கச்சி வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. எட்டு மணிக்கு மறுபடி போடுவாங்களாம், நல்லாப் பாக்கணும்னு இங்கேயே உக்காந்திருக்காரு."

போனை வைத்துவிட்டு மணியைப் பார்த்தார். எட்டு மணிக்கு ஃப்ளோர் மேனேஜரும் பார்ப்பார். பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற பம்பரத்தின் மனைவியும் பார்ப்பாள்.

பம்பரம் அடுத்து வரும் விவாத நிகழ்ச்சிக்காக, மேசையில் விரித்திருந்த நீலத் துணியை உருவிக்கொண்டிருந்தான்.

"பம்பரம். சாக்பீஸ் நீ விடல. நான் எடுத்தேன்."

"விளையாடாத."

"எடுத்தேன்டா. நீ முழிக்கணும், நான் கொண்டுவந்து குடுக்கணும். நானும் தெரியணும்னு."

 பம்பரம் துணியை மெதுவாக மடித்தான்.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு உன்கிட்டதான்யா கேட்டேன்," என்றான் கடைசியில். "நீதான் எழுத்துப் படிச்சவன்னு. சார்கிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா நல்லா இருக்காது."

"சொல்றேன்."

"நாளையிலேர்ந்து மேசைக்கு வேற ஆளு கேட்டுக்கறேன்."

ஃப்ளோர் மேனேஜர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நிமிஷம். இருவரும் ஆளுக்கொரு முனையில் குனிந்து, ஒன்று இரண்டு என்று எண்ணாமலே தூக்கினார்கள். எதிரே, ஒரு கை தூரத்தில், பம்பரத்தின் முகம். பவுடரை அவன் இன்னும் துடைக்கவில்லை. வேர்வைக் கோடுகளுக்கு நடுவே விளக்கு பட்டு மின்னியது. இவ்வளவுக்குப் பிறகும், அது தன் முகத்தில் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் வாத்தியாரின் மனசு அளந்துகொண்டிருந்தது. அந்த நினைப்பை உதற இரண்டு கையும் சும்மா இல்லை. மேசையைச் சிவப்பு டேப்பில் இறக்கிவிட்டு, ஃப்ளோர் மேனேஜர் நின்ற பக்கமாக நடந்தார்.