மூன்றாம் நாள் தட்டு

ஆட்டு அம்மைக் கிருமி ஒரு மெத்தனப் பேர்வழி. தட்டில் வளர்த்த செல்களைத் தின்று ஓட்டை போட ஆறு நாளாவது எடுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் அதற்கு மருந்து தேடும் இவள் அது தெரிந்தவள்தான்; ஆனாலும் மூன்றாம் நாள் காலையிலேயே தட்டை வெளியே எடுத்துச் சாயத்தை ஊற்றிவிட்டாள். சாயம் விழுந்தால் செல் செத்தது, திரும்ப உள்ளே வைக்க முடியாது. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

அண்ணனை நினைத்துத்தான் அத்தனை அவசரமும். அவனுடைய தாய் ஆடுகளில் பதினொன்றுக்கு அம்மை. புள்ளி தெரிந்த அன்றே, இவள் சொல்கேட்டுப் பால்குடிக் குட்டிகளை வேறு கொட்டகையில் அடைத்திருந்தான். பெரிய ஆடு தேறினாலும் தேறும், குட்டிக்கு வந்தால் பிழைப்பது அரிது.

தட்டில் மருந்து ஊற்றிய குழிகளைத்தான் முதலில் பார்த்தாள். எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் மூடிக்கிடந்தன. ஓட்டை ஒன்றுகூட இல்லை. கையுறையைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் போனை எடுத்தாள்.

"அண்ணா, மருந்து கேக்குது! நெஜமாவே கேக்குது!"

குழியில் ஜெயித்த மருந்து ஆட்டின் உடம்பில் ஜெயிக்க மாதக்கணக்காகும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. நல்ல செய்திக்கு நடுவில் யாருக்குத்தான் வரும்!

மதியம், பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் தோழி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் 'சோடா'. ஆனால் அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஏண்டி, மருந்தே போடாம கிருமி மட்டும் விட்ட வரிசை எது?"

"ரெண்டாவது."

"அதுலயும் ஓட்டையே காணோமே."

இவள் தட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். இரண்டாவது வரிசையும் அதே நிறம், அதே முழுமை. இது மருந்து தடுத்ததால் அல்ல. கிருமி இன்னும் வேலையையே தொடங்கவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருடப் படிப்பும் மண்ணாய்ப் போயிற்று என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தான்.

"அண்ணா, குட்டிங்கள தனியாத்தான வச்சிருக்க?"

"நீ சொன்னதுமே தொறந்து விட்டுட்டேன் பாப்பா! மூணு நாளா புட்டிப்பால்ல வாயே வைக்கல, ரெண்டு குட்டி எந்திரிக்கவே இல்ல. இப்ப வயிறு முட்ட குடிச்சிட்டு அம்மா மடியிலயே தூங்குதுங்க. அதான் மருந்து வருதேன்னு உன் அண்ணி சொன்னா."

"அண்ணா... நான் சரியா பாக்கல. மருந்து வேலை செய்யுதான்னு தெரியாது. அவசரப்பட்டுட்டேன்."

 திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"சரி," என்றான் அடங்கிய குரலில். "இப்ப மறுபடி பிரிச்சிடவா?"

காலையிலிருந்து மதியம்வரை நோய்ப்பட்ட மடியில் குடித்த குட்டிகள். இனிப் பிரித்தாலும் தொற்றியது போகாது, பட்டினிதான் மிஞ்சும்; பிரித்தால் பிழைக்கும் என்று சொல்லத்தான் மனம் வந்தது. ஆனால் இன்னொரு பொய் சொல்ல முடியாது.

"வேணாம்ணா. அம்மாகிட்டயே இருக்கட்டும்."