ஆச்சரியக்குறி போன இடம்

மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பதினெட்டு வருடமாகக் கணினி பார்ப்பவள் அவள். அவளுடைய அண்ணி அங்கேயே நர்ஸ். திங்கட்கிழமை காலை அண்ணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாத ஒரு பஸ் கண்டக்டருக்கு அண்ணி அதே ஊசியைப் போட்டுவிட்டார். தொண்டை வீங்கி, மூச்சடைத்து, மனிதர் பிழைத்ததே பெரும்பாடு.

"ஒவ்வாமை இருந்தா சீட்டுல சிவப்புக் கோடு வருமே, அது இல்லடி. இருந்தா நான் ஊசியைத் தொட்டிருப்பேனா?" என்றார் அண்ணி.

அவளுக்குச் சட்டென்று விஷயம் புரிந்தது. போன மாதம்தான் இரண்டு மருத்துவமனைகளை ஒன்றாக்கி, இங்கிருந்த பழைய கணினியின் கோப்புகளை அங்கிருந்த பழைய கணினிக்கு ஏற்றினார்கள். இரண்டும் ஒரே கம்பெனி. ஆனால் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்கிற அட்டவணை இரண்டிலும் வேறு வேறு. மாற்றாமல் ஏற்றினால் சில குறிகள் கெட்டுப்போகும் என்று மேனேஜரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"ரெண்டும் அண்ணன் தம்பி மெஷின்மா. அதுங்களுக்குள்ள மொழிபெயர்ப்பு எதுக்கு?" என்று சிரித்துவிட்டு, அவள் கொடுத்த கடிதத்தின் மேல் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கண்டக்டரின் பதிவை இரண்டு கணினியிலும் எடுத்துப் பார்த்தாள். உள்ளே இருந்த எண் ஒன்றுதான். இங்கே அது ஆச்சரியக்குறி. ஒவ்வாமை உண்டு என்று பொருள். அங்கே அதே எண் வெறும் அடைப்புக்குறி. ஆச்சரியக்குறியைத் தேடிய நிரல் அதைக் காணாமல் கோடு போடாமலே சீட்டை அச்சடித்திருந்தது. அப்படி ஆயிரத்து நானூறு பேர்!

வார்டு வார்டாகப் போன் போட்டுச் சீட்டுகளை நம்ப வேண்டாம் என்றாள். பிறகு விசாரணை அறைக்குள் கூப்பிடாமலே நுழைந்தாள்.

"நர்ஸோட கவனக்குறைவுதான் சார்," என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாய் கூசலையா சார் உங்களுக்கு?" தாள்களை மேஜைமேல் அறைந்தாள். "இது யார் கையெழுத்து?"

தலைமை மருத்துவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மேனேஜர் கைக்குட்டையைத் தேடினார்.

அன்று மாலையே அண்ணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மேனேஜரைக் கொள்முதல் பிரிவுக்கு மாற்றினார்கள், அதே பதவியில்.

"அவ்வளவுதானா அண்ணி?" என்று பல்லைக் கடித்தாள்.

கண்டக்டர் படுத்திருக்கும் அறை எது என்று மட்டும் கேட்டார் அண்ணி.