வலி போன செய்தி

பதினாறாவது தடவை அந்த மேசையில் படுத்து எழுந்தபோது பெரியவளுக்கு வலி இல்லை. முதலில் அவளே நம்பவில்லை. ஒரு காலைத் தரையில் வைத்தாள். மற்றக் காலையும் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இடுப்பில் கிளம்பி இடது தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரை இறங்கும் அந்தச் சுரீர் வரவே இல்லை.

"குதிகால்ல நடங்க. இப்ப நுனிக்கால்ல. அப்படியே குனிஞ்சு முழங்காலைத் தொடுங்க" என்றாள் தெரபிஸ்ட். முப்பது வயதுக்காரி. கை சுத்தம், பேச்சும் சுத்தம்.

பெரியவள் முழங்காலைத் தாண்டிக் கணுக்காலையே தொட்டாள்.

"அக்கா! போதும் போதும், சர்க்கஸ் வேண்டாம்" என்று தெரபிஸ்ட் சிரித்தாள். "இன்னும் நாலு தடவை இருக்கு, முடிச்சிடலாம். அப்புறம் பயிற்சியை மட்டும் வீட்ல விடாம செய்யுங்க. எல்லாருக்கும் இப்படிக் கேக்காது. உங்களுக்கு நல்லாக் கேட்டிருக்கு."

"வீட்டு வேலை?"

"தாராளமா. மாமனாரைத் தூக்குறதை மட்டும் தனியா செய்யாதீங்க. ரெண்டு பேரா சேர்ந்து தூக்குங்க."

இரண்டாகப் பிளந்த மேசை அது. நெஞ்சுக்குக் கீழே ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை. மேல்பாதி அசையாது. கீழ்ப்பாதி மெல்ல நகர்ந்து இடுப்பை இழுக்கும், கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும், பிறகு விடும். கத்தி இல்லை, ஊசி இல்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே நசுங்கிப் பிதுங்கிய தட்டுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்பதுதான் கணக்கு. கையில் ஒரு பொத்தானைக் கொடுத்திருப்பார்கள். தாங்க முடியாவிட்டால் அழுத்தினால் போதும், எல்லாம் நின்றுவிடும். பெரியவள் ஒருநாளும் அழுத்தியதில்லை. உண்மையைச் சொன்னால், அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்காகத்தான் அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். யாரும் கூப்பிட மாட்டார்கள். எதையும் எடுத்துத் தர வேண்டாம்.

மாமனார் பக்கவாதத்தில் விழுந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வலது பக்கம் வேலை செய்யாது, பேச்சு குழறும். நல்ல உயரம், நல்ல கனம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு ஆறேழு முறை தூக்க வேண்டும். அவருடைய மகன்கள், அண்ணன் தம்பி இருவரும் ஒரே கிடங்கில் சுமை ஏற்றி இறக்குகிறவர்கள். பகல் முழுக்கப் பெட்டி தூக்குகிற கைகள் வீட்டுக்கு வந்ததும் டிவி ரிமோட்டைத் தவிர வேறெதையும் தூக்காது. ஆகவே முதல் ஒரு வருஷம் தூக்கியது மூத்த மருமகளான பெரியவள். காலையில் திரைச்சீலைக் கடையில் நின்றபடியே துணி வெட்டுவாள், மதியத்துக்கு மேல் மாமனாரைத் தூக்குவாள். ஒருநாள் பாதி தூக்கிய நிலையில் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், இழுவைச் சிகிச்சை செய்து பார்க்கலாம், கனம் தூக்கவே கூடாது என்றார்.

அன்றிலிருந்து தூக்கியது சின்னவள். இளைய மருமகள், ஒல்லிக்குச்சி. வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போட்டோ ஆல்பம் வடிவமைக்கிறவள். "நான் இருக்கேன்ல, நீங்க முதல்ல முதுகைப் பாருங்கக்கா" என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள்.

வலி போன அன்று, அந்தச் செய்தியைச் சின்னவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பெரியவள் வேகவேகமாக நடந்து வந்தாள். கதவைத் திறந்தபோது சின்னவள் மாமனாரின் அக்குளுக்குள் இரண்டு கைகளையும் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக்கொண்டிருந்தாள். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அவரை உட்கார வைத்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி, "எப்படிக்கா இருக்கு இன்னைக்கு?" என்றாள்.

செய்தி பெரியவளின் வாய் வரை வந்தது. அந்தக் கனம் மறுபடி தன் இடுப்பில் இறங்குவதும் கூடவே தெரிந்தது.

"அப்படியேதான் இருக்கு" என்றாள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். இருபது தடவையும் முடிந்தது. தெரபிஸ்ட் கைகுலுக்கி அனுப்பினாள். வீட்டிலோ, "இன்னும் இருபது தடவை வரச் சொல்லிட்டாங்க" என்று பெரியவள் சொன்னாள். பொய் அவ்வளவு லேசாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள், நாலு மணிக்கு, இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்குவாள். தெரு முனை திரும்பியதும் பெல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு பஸ் ஏறுவாள். ஜன்னலோர இருக்கை. கடைசி நிறுத்தம் வரை போவாள், அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். முதுகுவலிக்காரி செய்யவே கூடாத காரியம். குலுக்கலில் தலை ஜன்னலில் முட்ட, அவள் பாட்டுக்குத் தூங்கியும் போவாள். "மிஷின்ல போன் கூடாது" என்று வீட்டில் சொல்லிவிட்டு அதையும் அணைத்து வைத்திருப்பாள்.

ஏழு வாரம் இப்படிப் போயிற்று. சந்தோஷமாக இருந்தாளா என்றால், பஸ்ஸில் இருந்தாள். இறங்கியதும் வயிற்றில் ஒரு கல் வந்து உட்காரும். அந்தக் கல்லைச் சமாதானப்படுத்தச் சின்னவளுக்கு ஏதாவது வாங்கி வருவாள், ஒருநாள் முடிக்கிளிப், ஒருநாள் பிஸ்கட். "உங்களுக்கே முடியல, எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?" என்று அவள் உருகுவாள். கல் இன்னும் கனமாகும்.

ஒரு வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்குப் பெரியவள் வீட்டுக்கு வந்தபோது, சின்னவள் தரையில் கிடந்தாள்.

பக்கத்தில் மாமனார் கட்டில் காலில் சாய்ந்து அரைகுறையாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடி எதுவும் இல்லை. நாற்காலிக்கு மாற்றும்போது சின்னவளின் முதுகில் 'டக்' என்று ஏதோ பிடித்திருக்கிறது. அவரை விட்டுவிடாமல் தன் மேலேயே தாங்கி இறக்கிவிட்டு, அவள் அசைய முடியாமல் கிடந்திருக்கிறாள். ஒரு மணி நேரத்துக்கு மேல். எட்டாத தூரத்தில் மேசை மேல் அவளுடைய போன். மாமனார் தன் ஒரு கையால் போர்வையைக் கட்டிலிலிருந்து இழுத்து, சுருட்டி, அவள் தலைக்கு அண்டைகொடுத்திருந்தார். அவர் முகமெல்லாம் ஈரம்.

பெரியவள் பையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, வேண்டாம்!" என்று சின்னவள் தரையிலிருந்து கத்தினாள். "குனியாதீங்க! உங்க முதுகு! பக்கத்து வீட்ல யாரையாவது கூப்பிடுங்க."

பெரியவள் நின்றாள். அப்போதாவது குனிந்திருக்கலாம். நாலடி தூரம்தான். ஆனால் அவள் திரும்பிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். பின்னால் எத்தனையோ நாள் அவள் தன்னைத் திட்டிக்கொண்டது பஸ்ஸில் போனதற்குக்கூட இல்லை, அந்த நாலடிக்காகத்தான்.

சின்னவளுக்கும் அதே தட்டுதான் பிதுங்கியிருந்தது. இவளுக்கு வலது கால், சுண்டுவிரல் மரத்திருந்தது. அதே டாக்டர், அதே சீட்டு, அதே தெரபி நிலையம். "அக்காவுக்கு அங்க பழக்கம்தானே, அவங்களே கூட்டிட்டுப் போகட்டும்" என்றான் கொழுந்தன்.

பெரியவள் முதல் நாளுக்கு முன்தினம், கடையின் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று தெரபிஸ்டுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் சொல்லி, "நான் நின்னு ஏழு வாரம் ஆச்சுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா" என்று கெஞ்சினாள்.



"ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்றதில்லக்கா. அது என் வேலையும் இல்லை. பயப்படாதீங்க" என்றாள் தெரபிஸ்ட். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

பயப்பட வேண்டியதில்லை என்று ஆனதும்தான் நிலைமை மோசமாயிற்று. பிடிபடுவோம் என்று பயந்த வரையில் பெரியவளுக்கு அந்தப் பயத்தைப் பார்த்துக்கொள்வதே வேலையாக இருந்தது. இனி எவரும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. தான் செய்தது மட்டும்தான் மிச்சம்.

முதல் தடவை, இரண்டாம் தடவை, பெரியவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மேசை இழுக்கும்போதெல்லாம் சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூன்றாம் தடவை, தெரபிஸ்ட் பட்டைகளை மாட்டி, அளவைச் சரிபார்த்து, பொத்தானைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

"நாற்பது தடவை எப்படிக்கா தாங்குனீங்க?" என்று சின்னவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். "எனக்கு மூணுக்கே உயிர் போகுது. நீங்க பாவம்."

"இருபதுதான்" என்றாள் பெரியவள்.

"என்ன?"

"இருபதுதான் வந்தேன். பதினாறுலயே வலி போயிடுச்சு. உன்கிட்ட சொல்லல."

மேசை இழுத்தது, பிடித்தது, விட்டது.

"அப்ப அந்த ஏழு வாரம்?"

"பஸ்ல போனேன்."

"எங்க?"

"எங்கயும் இல்ல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன்."

"நான் விழுந்த அன்னைக்கும்?"

"ஆமா."

சின்னவள் தலையைத் திருப்பவில்லை. படுத்த நிலையில் பட்டைகளோடு திரும்பவும் முடியாது. அவள் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. மேசை நின்றது. தெரபிஸ்ட் ஓடி வந்தாள். "என்னாச்சு? வலிக்குதா?"

"இல்ல. இவங்களை வெளிய போகச் சொல்லுங்க."

பெரியவள் வெளியே போய், வரவேற்பறையில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். எதிரே பிளாஸ்டிக்கில் செய்த முதுகெலும்பு ஒன்று தொங்கியது. அதைப் பார்க்க முடியாமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஆண்கள் இருவரிடமும் அவளே சொன்னாள். சின்னவள் அதைச் செய்யப் போவதில்லை என்று தெரிந்ததால்தான் சொன்னாள். கொழுந்தன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். புருஷன் குரலை உயர்த்தினான்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! வலி போயிடுச்சு, ஆனா தூக்க முடியலன்னு சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?" என்றது அறைக்குள்ளிருந்து சின்னவளின் குரல்.

அவன் கறிக் கரண்டியை எடுத்தான், மறுபடி வைத்தான். மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் அண்ணனும் தம்பியுமாக அப்பாவைத் தூக்கினார்கள். பழக்கமில்லாத தூக்கல், ஒருவன் இழுக்க ஒருவன் தள்ள, மாமனார் குழறலாக ஏதோ திட்டினார். ராத்திரியும் அவர்களே. பகலுக்கு ஓர் ஆள் வைத்தார்கள். மீதி வேலையெல்லாம் பெரியவள் பார்த்தாள், ஆளோடு சேர்ந்து, இரண்டு பேராக. இதெல்லாம் ஒரே வாரத்தில் நடந்தது. இவ்வளவு சுலபமாக நடந்ததுதான் அவளை அறுத்தது.

சின்னவள் பேசவில்லை. அவளுக்குக் குனிய முடியாது, நெடுநேரம் உட்கார முடியாது. நின்றபடியே கம்ப்யூட்டரில் வேலை செய்தாள். பெரியவள் தண்ணீர் வைத்தால் குடித்தாள், சோறு போட்டால் சாப்பிட்டாள். தெரபிக்குக் கூடவே போகவும் விட்டாள். உள்ளே மட்டும் விடவில்லை.

ஒருநாள் ஆட்டோவில் திரும்பும்போது திடீரென்று, "கடைசி ஸ்டாப்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு பெட்ரோல் பங்க். ஒரு மூடின ஷெட்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சினிமாவுக்காவது போயிருக்கலாம்" என்றாள் சின்னவள். தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கும் அப்ப முடியலதான். நீங்க சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து சண்டை போட்டிருக்கலாம். உங்களைப் பார்த்துத்தான் நான் வாயை மூடிக்கிட்டு தூக்குனேன்."

பெரியவள், "தப்புதான்" என்றாள். 

சின்னவளுக்குப் பெரியவள் அளவுக்குக் கேட்கவில்லை. பதினெட்டுத் தடவை முடிந்தும் வலி பாதிதான் குறைந்தது. சுண்டுவிரல் இன்னும் மரத்துத்தான் இருந்தது. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம், சரியாகாவிட்டால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர். அதைக் கேட்டுக்கொண்டு சின்னவள் அமைதியாகத் தலையாட்டினாள். 

இருபதாவது தடவை முடிந்த அன்று தெரபிஸ்ட் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "உங்களைக் கூப்பிடுறாங்க."

பெரியவள் உள்ளே போனாள். சின்னவள் மேசையின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பட்டைகள் கழற்றப்பட்டிருந்தன. செருப்பு இரண்டும் தரையில் திசைக்கொன்றாகக் கிடந்தன.

"போடணும்" என்றாள். எப்போதும் தெரபிஸ்ட்தான் போட்டுவிடுவாள்.

பெரியவள் குனிந்தாள். இடுப்பு எந்தத் தடையும் சொல்லாமல் மடங்கியது. அந்த லேசான மடங்கலைச் சின்னவள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்து, கூசிப்போய், அவசரமாக வாரைத் தேடினாள்.

"மெதுவா" என்றாள் சின்னவள். "அந்தக் கால்ல இல்ல. இந்தக் கால்ல. சுண்டுவிரல் உள்ள போச்சான்னு நீங்கதான் பாக்கணும், எனக்குத் தெரியாது."

பெரியவள் அந்த மரத்த விரலைத் தன் விரல்களால் பிடித்து வாருக்குள் நுழைத்தாள். சில்லென்றிருந்தது. உள்ளே போய்விட்டது என்று தலையை ஆட்டினாள்.

"சரி, எந்திரிங்க" என்றாள் சின்னவள். எழுவதற்காகப் பெரியவளின் தோளில் கையை ஊன்றினாள். அக்கா என்று இன்னும் கூப்பிடவில்லை.