புகார் வகையைத் தேர்ந்தெடுக்கவும்

1

இது ஒரு நன்றிக் கடிதமாகத்தான் ஆரம்பித்தது. அனுப்ப வழியில்லாமல் கதையாகிவிட்டது.

கடன் தகவல் நிறுவனத்துக்கு நாம் ஏதாவது எழுத வேண்டுமென்றால், அதன் இணையப் பக்கம் முதலில் 'புகார் வகையைத் தேர்ந்தெடுக்கவும்' என்கிறது. பெயர் தவறு, முகவரி தவறு, என்னுடையதல்லாத கடன், இதர புகார். நன்றி என்று ஒரு வகை இல்லை. 'இதர புகார்' என்று போட்டுவிட்டு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: வங்கி அதிகாரி கணினித் திரையைத் திருப்பிக் காட்டியபோது வெளியே வானம் இருண்டு

(இருளவில்லை. பட்டப்பகல், பளீரென்ற வெயில்.)

தொடக்கம் இரண்டு: இன்றைய மனிதனுக்கு இரண்டு நிழல்கள் உண்டு, ஒன்று காலடியில் விழுவது, மற்றொன்று

(கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கலாம். கதை நகராது.)

தொடக்கம் மூன்று: கிளட்ச் அக்காவுக்கு ஒரு கார் வேண்டும்.

இது போதும். நிஜமும் இதுதான்.

3

கிளட்ச் அக்கா கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். "கிளட்ச்ச மெதுவா விடு, குழந்தையக் கீழ எறக்கி விடற மாதிரி" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வதால் அந்தப் பெயர். அவளிடம் படித்தவர்கள் டாக்ஸி ஓட்டுகிறார்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்கள். அவளிடம் மட்டும் கார் இல்லை. ஓட்டியதெல்லாம் பயிற்சிப் பள்ளி ஓனருடைய கார். அக்காவின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்தது. ஓனர் பள்ளியை மூடப்போவதாகச் சொன்னபோது, அந்தக் காரை வாங்கிக்கொள்கிறாயா என்று முதலில் அக்காவிடம்தான் கேட்டார்.

"மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன்மா. அதுக்கப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

கார் போனால் தொழிலும் போயிற்று. மாணவர்களை நாற்காலியில் உட்கார வைத்தா சொல்லிக்கொடுக்க முடியும்?

வங்கியில் லோன் கேட்டாள். அதிகாரி நல்ல மனிதர். திரையைத் திருப்பிக் காட்டினார். வேறொரு ஊரில் அக்கா ஒரு சரக்கு ஆட்டோ வாங்கியிருந்தாள். சில தவணை கட்டிவிட்டு நிறுத்தியும் இருந்தாள். கடன் மதிப்பெண் பாதாளத்தில் கிடந்தது.

"சார், ஆட்டோவ நான் தொட்டதுகூட இல்ல."

"உங்க பேரு, உங்க பிறந்த தேதி. நான் என்னம்மா செய்ய? கடன் தகவல் நிறுவனத்துக்கு எழுதித் திருத்திட்டு வாங்க."

[இங்கே, அதே பெயரும் அதே பிறந்த தேதியும் கொண்ட அந்த இன்னொரு பெண்ணை வில்லியாக்கலாம் என்று நினைத்தேன். அக்கா விடவில்லை. "பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ. என் நல்ல மார்க்கெல்லாம் அவ கணக்குல விழுந்திருந்தா நல்லதுதான்" என்றாள். ஆகவே இந்தக் கதையில் வில்லி கிடையாது. வருத்தம்தான்.]

4

கடிதம் எழுதிக்கொடுத்தது நான். அக்காவின் மாணவர்களிலேயே மிக மெதுவாகத் தேறிக்கொண்டிருக்கும் மாணவி நான்தான் என்பதால், எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் என்றால் அனுப்புநர், பெறுநர், பொருள், உள்ளே விஷயம், கடைசியில் நன்றி. நன்றி விட்டுப்போனால் மதிப்பெண் குறைப்பார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அடையாளச் சான்று, சம்பளச் சான்று, வங்கி தந்த மறுப்பு என்று இணைப்புகளை வரிசையாக எழுதி, முடிவில் என் வழக்கமான வரியைச் சேர்த்தேன். அதைச் சத்தமாகப் படித்தபோது அண்ணி குறுக்கே வந்தாள்.

அண்ணி என்றால் அக்காவின் அண்ணன் மனைவி. வீட்டிலுள்ள எல்லோரும், எங்கே எதில் தொலைபேசி எண் கேட்டாலும், அண்ணியின் எண்ணைத்தான் கொடுப்பார்கள். அக்கா காருக்குள் போனைத் தொட மாட்டாள், அது அவளுடைய சட்டம். அண்ணனுக்குக் காது மந்தம். அண்ணிதான் எடுப்பாள், எடுத்தால் எதிராளி பிழைப்பது கஷ்டம்.

"வேலை ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள நன்றியா? எவளோ ஒருத்தி படிக்காம குப்பையில போடப் போறா. அவளுக்கும் சேர்த்து நன்றி சொல்றியா?"

"அவங்களுக்கும்தான் அண்ணி."

"நல்லா வருவடி நீ" என்றாள். பாராட்டு இல்லை அது.

5

பதில் வந்தது: வாடிக்கையாளரைத் தொலைபேசியில் உறுதிப்படுத்த இயலாததால் முறையீடு முடித்துவைக்கப்படுகிறது.

அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மெல்லக் கேட்டாள். "அண்ணி, யாராவது போன் பண்ணாங்களா?"

"பண்ணாளே ஒருத்தி. உன் பேரச் சொல்லி, பிறந்த தேதி சொல்லுங்கன்னா. என்கிட்டயேவா? உன் பிறந்த தேதியச் சொல்லுடி, போலீஸ்ல குடுக்கறேன்னேன். வச்சிட்டா." பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. "ஐயையோ. அது அவங்களா?"

அக்கா திட்டவில்லை. என்னைக் காக்கத்தானே அப்படிப் பேசினாள் என்று நினைத்திருக்கலாம். (நினைத்தாளா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் நினைக்கல, சிரிப்பு வந்துடுச்சு" என்றாள்.) சிரித்து முடித்ததும் காலண்டரைப் பார்த்தார்கள். மறுபடி எழுதிப் பதில் வருவதற்குள் மாதம் முடிந்துவிடும். அண்ணி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. திட்டு வாங்கிய அந்தப் பெண் ஊழியர். அவரை எப்படி எழுதுவது? ஆறிப்போன தேநீர் ஒன்றை மேசையில் வைத்துப் பார்த்தேன். கண்டிப்பான மேலாளரைப் பின்னால் நிறுத்தினேன். கொஞ்ச நாள் முன்பு அவரும் இதேபோல் ஏதோ ஒரு கவுண்ட்டரில்

(தெரியாது. இதெல்லாம் என் கற்பனை. எடுத்துவிட்டேன்.)

தெரிந்தது இவ்வளவுதான்: குரல் கொஞ்சம் கரகரப்பு. முடித்துவைத்த கோப்பைத் திறக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. இருந்தும் அதே எண்ணுக்கு மறுபடி கூப்பிட்டார்.

"அம்மா, திட்டாதீங்க. நான் எதுவும் கேக்கப் போறதில்ல. உங்க வீட்டிலேர்ந்து வந்த கடிதத்தில கடைசி வரிய மட்டும் படிக்கிறேன். உங்களதுதானான்னு நீங்களே சொல்லுங்க."

படித்தார். அண்ணி கேலி செய்த வரி.

"இரும்மா, வச்சிடாத!" என்று கத்திக்கொண்டே அண்ணி தெருவில் இறங்கி ஓடினாள். அந்த நேரம் பக்கத்துத் தெருவில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது நான். ஒரு கையை உயர்த்தி, மறுகையில் போனை நீட்டியபடி நடுத்தெருவில் அண்ணி வந்து நின்றாள். நான் பிரேக்கை மிதிக்கவில்லை. எது பிரேக் என்பதே மறந்துபோயிற்று. அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். அண்ணியின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கார் நின்றது.

"அண்ணி! உயிர் போயிருக்கும்!"

"போனா போகுது, முதல்ல பேசு!"

அக்கா தன் சட்டத்தை அன்றைக்கு மீறினாள். காருக்குள்ளேயே, பிறந்த தேதி, பழைய முகவரி, சம்பளம் வாங்கும் வங்கி என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். "சரிங்க, இது நீங்க இல்லன்னு தெரியுது. ஆட்டோக் கடன் கொடுத்தவங்ககிட்ட நானே கேட்டு உறுதி வாங்கிடறேன்" என்றது அந்தக் குரல். அக்கா பெயர் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

7

முடிவு அ: அறிக்கை திருந்தியது, லோன் கிடைத்தது, கார் வந்தது.

முடிவு ஆ: திருத்தம் வந்தது, ஆனால் அதற்கு முந்தைய நாளே ஓனர் காரை விற்றிருந்தார். இலக்கியமாக இருக்கும் என்று இதையும் எழுதிப் பார்த்தேன். அக்கா படித்துவிட்டு, "வாசல்ல நிக்கிற கார எதுக்குடி வித்த?" என்றாள்.

ஆகவே அ. ஆனால் அது முடிவு இல்லை. அண்ணி இப்போது எந்த அழைப்பு வந்தாலும் முதலில் குரலைக் கவனிக்கிறாள், கரகரப்பு இருக்கிறதா என்று. இல்லையென்று தெரிந்த பிறகுதான் திட்டுகிறாள். அக்காவுக்கோ வேறு கவலை. "அவங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமான்னு கேக்காம விட்டுட்டேனே. தெரியாதுன்னா நான் சொல்லிக்கொடுத்திருப்பேன், காசு வாங்காம." நிறுவனத்தின் பொது எண்ணில் விசாரித்தோம், ஊழியர் விவரம் தருவதற்கில்லை என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஒருவரின் விவரத்தைக் கண்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாதென்று நாங்களே கற்றுக்கொண்டிருக்கிறோம்.

எனவே முடிவை எழுத வேண்டியது நானில்லை. இதைப் படிப்பவர்களில் ஒருவர், காதில் ஹெட்போன் மாட்டி, முடித்துவைத்த கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். நீங்கள்தான் அவர் என்றால், எண் உங்களிடம் இருக்கிறது. கூப்பிடுங்கள். அண்ணிதான் எடுப்பாள். அந்தக் கரகரப்பு ஜலதோஷமாக இருந்து, இப்போது குரல் தெளிந்திருந்தால் திட்டும் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம், கடிதத்தின் கடைசி வரியைச் சொன்னால் போதும். ஓட்டுநர் இருக்கையைக் காலியாக வைத்திருக்கிறோம்.

நீங்கள் அவர் இல்லையென்றாலும் பரவாயில்லை. அந்த வரி உங்களுக்கும் பொருந்தும்:

இந்த வேலை எப்படி முடிந்தாலும் சரி, இதைக் கடைசி வரை படித்த கண்களுக்கு நன்றி.